நடுவீட்டு மேடை

அடுப்பை வீட்டுக்கு நட்டநடுவில் வைக்கிறவளை நல்லான்கட்டளைத் தெரு அதுவரைக்கும் பார்த்ததில்லை. அம்சவல்லி வைத்தாள். அதுவும் மண் அடுப்பு இல்லை. செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை பூசி, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை. இந்தப் பக்கம் நின்றுகொண்டு சமைக்கலாம், அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சாப்பிடலாம். குத்தாலத்துக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டிக் கிடந்த பதினேழு குடிசையில் ஒரு குடிசைக்குள் அப்படி ஒன்று எழும்பியதென்றால், அது அவள் புருஷன் இராஜாங்கத்தின் வலது காலால்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை அறுப்பில், கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று தெருவே வரப்பில் உட்கார்ந்துவிட்டது. மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். களத்தில் கைகலப்பானது. யார் அடித்தது என்று இன்றைக்கும் தெரியாது. தடி விழுந்தது இராஜாங்கத்தின் முழங்காலில். கட்டுப் போட்டவர் நன்றாகத்தான் போட்டார், எலும்பு கூடியது, ஆனால் கால் மடங்கவில்லை. கொம்பு மாதிரி நீட்டியபடியே நின்றுவிட்டது. நடப்பான், நிற்பான், படுப்பான். தரையில் சம்மணம் போட முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அதனால் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, வட்டிலைக் கையில் ஏந்தி, நின்றபடியேதான் சாப்பிட்டான். மாடு மாதிரி ஆகிவிட்டேன் பார் என்று ஒரு நாள் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்குக் கட்டட வேலை தெரியும். அறுப்பு இல்லாத மாதங்களில் மாயவரம் போய்ச் சித்தாளாக நின்று கலவை சுமப்பாள். அங்கே ஆனந்தம் என்று ஒரு டாக்டரம்மா வீடு கட்டினார்கள். சீமையில் படித்தவர்கள். அடுப்பு மேடை சுவரை ஒட்டி வேண்டாம், அறைக்கு நடுவில் தனியாக நிற்கட்டும் என்று காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். கொத்தனாருக்குப் பிடிக்கவே இல்லை. பலிபீடத்தைக் கொண்டுவந்து அடுப்பங்கரையில் வைக்கச் சொல்கிறார்களே என்று மூன்று நாள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். எல்லாம் முடிந்து குடி வந்த பிறகு, தரையில் சிந்திய சுண்ணாம்பைச் சுரண்ட அம்சவல்லியைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா மேடைக்கு இந்தப் பக்கம் நின்று தோசை வார்க்க, அந்தப் பக்கம் அவர்களுடைய அப்பா, கால் வீங்கினவர், உயரமான முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்லிலிருந்து தட்டுக்குத் தோசை ஒரு முழம்கூடப் போகவில்லை. முகம் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவள் சுரண்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவர்கள் கூடத்துக்குப் போனதும், எழுந்து மேடையைச் சாணால் அளந்துகொண்டாள்.

அளந்து என்ன பண்ணுவது? மிராசு மனையில் குடியிருக்கிறவன் மண் வைக்கலாம், மூங்கில் வைக்கலாம், கீற்று வேயலாம். செங்கல் வைக்கக் கூடாது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கடைசி வீட்டுக் காத்தான் ஒரு மழைக்காலத்தில் வாசல்படிக்கென்று இரண்டே இரண்டு செங்கல் பதித்தான். மிராசுதார் பட்டாபிராமனின் ஏஜெண்டு துரைராசு வந்து, தன் செருப்புக் காலாலேயே பெயர்த்து வாய்க்காலில் தள்ளினார். மண் கரைந்து போகும், செங்கல் இருந்துகொண்டே இருக்கும். இருந்தால் சொந்தம் பேசும் என்று அதற்கு ஒரு விளக்கமும் சொன்னார்.

அப்புறம் மெட்ராஸிலிருந்து அந்தச் சட்டம் வந்தது. விவசாயக் கூலி எந்த மனையில் குடியிருக்கிறானோ அந்த மனை அவனுக்கே சொந்தம் என்று டீக்கடை ரேடியோவில் சொன்னார்கள். சங்கத்துக்காரர்கள் வந்து பதினேழு வீட்டுக்கும் மனு எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பதினாறு வீட்டுக்குத் தகராறு இல்லை. இராஜாங்கம் வீடு மட்டும் களத்தை ஒட்டி இருந்தது. அது வீடே இல்லை, களத்துக் காவல் கொட்டகை, அவன் காவலுக்குப் படுத்துக்கொள்கிறவன் என்று மிராசு தரப்பில் எதிர்மனு போட்டார்கள். அவன் அறுப்புக் காலத்தில் காவல் இருந்ததும் உண்மைதானே. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார், பங்குனி கடைசி வெள்ளிக்கிழமை என்று தாலுகா ஆபீஸிலிருந்து தகவல் வந்தது.

துரைராசு பூவரச மரத்தடியில் இராஜாங்கத்தைக் கூப்பிட்டு நிறுத்திப் பேசினார். காவலுக்குப் படுக்கிற இடம் என்று நீயே உன் வாயால் சொல்லிவிடு, வாய்க்கால் கரையில் வேறு இடம் காட்டுகிறேன், களத்து வேலையும் உனக்கே இருக்கும் என்றார். இராஜாங்கம் தலையை ஆட்டிவிட்டு வந்தான். மடங்காத காலை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் வேலை கேட்பது என்று அவளிடம் சொன்னான்.

வாய்க்கால் கரை ஐப்பசியில் முழுகிப் போகும் இடம். அது அவனுக்கும் தெரியும்.

அம்சவல்லி சண்டை போடவில்லை. அவளுக்குப் பயம் வேறு. பக்கத்து வீட்டு ராமாயியின் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரில், அதிகாரி வருகிற நாள் காலையில் கூரையைப் பிரித்து, சட்டிபானை அடுப்பு எல்லாவற்றையும் தூக்கி ஆற்றில் போட்டுவிட்டார்கள். வந்தவர் வெறும் பொட்டல் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மண் அடுப்பை ஒரு கையால் தூக்கிவிடலாம். யாராலும் தூக்கிப் போக முடியாத ஒன்று நம் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அவள் முடிவு பண்ணினாள். இருக்கிறதுதான் இருக்கிறது, அது புருஷனுக்குச் சோறு போடுகிறதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாயவரத்தில் கொத்தனாரிடம் கேட்டு, இடித்த மதகின் உடைசல் செங்கலை வாங்கினாள். சாணிக் கூடையில் அடியில் நாலு, மேலே வறட்டி. தினம் இரண்டு நடை. ஏஜெண்டு எதிரே வந்த அன்றைக்கு, கழுத்து நரம்பு புடைக்கிறது தெரியாமல் இருக்க முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, வறட்டி மட்டும் சுமக்கிறவள் மாதிரி வீசி நடந்தாள். வீட்டுக்குள் வந்துதான் கூடையை இறக்கினாள்.

மேடை நடுவில்தான் வர வேண்டும். குடிசைக்கு ஓரத்தில் கூரை குனிந்திருக்கும், தீ பிடிக்கும், நடுவில்தான் உயரம். சாமான்களை எல்லாம் ராமாயி வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். பிள்ளைகள் இரண்டையும் பேராவூரணியில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். பழைய அடுப்பை உடைத்துத் தூள் பண்ணி, கடைக்காலில் போட்டு இடித்தாள். இராஜாங்கம் மத்தியானம் அசந்து தூங்கும்போது, இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் கயிற்றால் அவன் காலை அளந்தாள். சாப்பிடுகிற பக்கம் மேடையோடு ஒட்டினாற்போல் உட்காரத் திண்டு, அதற்கு நேரே மேடையின் வயிற்றுக்குள் கால் நீட்டிக்கொள்ள நீளமாக ஒரு மாடம். அவன் விழித்துப் பார்த்துவிட்டு, யார் மனையில் யார் கட்டுவது, பைத்தியமா உனக்கு என்று கேட்டான். ஆனால் எழுந்து போய்க் கலவைக்குத் தண்ணீர் ஊற்றினான்.

சனிக்கிழமை பூச்சு முடிந்தது. இங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள். வேறு எவளாக இருந்தாலும் அன்றைக்கே தீ மூட்டி, பானையை ஏற்றி, நாலு கரியை அப்பி வைத்திருப்பாள். இவள் கொத்தனாரிடம் வேலை பார்த்தவள் ஆயிற்றே. பச்சைக் காரையில் தீ பட்டால் வெடித்துவிடும், பாரம் ஏறினால் விட்டுவிடும்; ஆறு நாள் தண்ணீர் குடிக்கட்டும், வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சலாம் என்று ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். வெள்ளிக்கிழமைக்குள் சாமானைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். கஞ்சி ராமாயி வீட்டிலிருந்து வந்தது.

இன்ஸ்பெக்டர் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார். நாளை மாற்றி வைத்தது ஏஜெண்டு. யாரிடம் போய் என்ன சொல்லி மாற்றினாரோ, தெருவுக்குத் தகவல் இல்லை.

அம்சவல்லி சாக்கை நனைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். இன்ஸ்பெக்டர் முத்துப்பேட்டைக்காரர், முகம்மது யூசுப் என்று பெயர்; கண்ணாடி போட்டவர், சட்டைப் பையில் இரண்டு பேனா. குனிந்து உள்ளே வந்தார். பின்னாலேயே துரைராசு.

இன்ஸ்பெக்டர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஒரு பானை இல்லை. கொடியில் ஒரு துணி இல்லை. பாய் இல்லை, பிள்ளைகள் இல்லை, அடுப்பு இல்லை. அவர் கண் போகிற இடமெல்லாம் அவள் கண்ணும் போயிற்று. தன் வீட்டைத் தானே காலி பண்ணி வைத்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்களே பாருங்க சார்," என்றார் துரைராசு. "குடித்தனம் நடக்கிற வீடா இது?"

சொல்லிக்கொண்டே திரும்பியவர், சாக்குக்கு அடியில் மேடையைப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளிறியது. செங்கல். தன் கண்ணுக்குத் தப்பி இவ்வளவு செங்கல். ஆனால் ஏஜெண்டு வேலைக்குச் சும்மாவா வந்திருப்பார்? அடுத்த மூச்சிலேயே சுதாரித்துக்கொண்டார்.

"மூட்டை அடுக்கறதுக்கு நாங்க போட்ட மேடை சார். வெள்ளம் வந்தா களத்து நெல்லு நனைஞ்சு போவுது பாருங்க."

அது தன் அடுப்பு, தானே கட்டினது என்றாள் அம்சவல்லி. துரைராசு சிரித்தார்.

"இவ கட்டினாளாம். பூசற கரணையப் புடிக்கத் தெரியுமான்னு கேளுங்க சார். களத்தக் கூட்டறவ."

இன்ஸ்பெக்டர் மேடையைத் தடவிப் பார்த்தார். அடுப்பு என்றால் ஏன் ஒரு பொட்டுச் சாம்பல்கூட இல்லை என்று கேட்டார். காரை இன்னும் பச்சை, வெள்ளிக்கிழமைதான் தீ மூட்டலாம் என்று இருந்தேன், நீங்கள் வெள்ளிக்கிழமை வருவதாகத்தானே சொன்னீர்கள் என்றாள். சாமான் எங்கே என்று கேட்டார். ராமாயி வீட்டில் என்றாள். வாசலில் தெருவே கூடியிருந்தது. ராமாயி யார் என்று அவர் கேட்க, ராமாயி முன்னால் வந்தாள், துரைராசுவைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மகன் மிராசின் பம்பு செட்டில் வேலை பார்க்கிறான். மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் ஏதோ ஒன்று மிராசு வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் மறுபடி குனிந்து மாடத்தைக் காட்டினார். "மூட்டை அடுக்கற மேடைக்கு இது எதுக்கு?"

"நெல்லு அளக்கற மரக்காலு, முறம் எல்லாம் வைக்கத்தான் சார்," என்றார் துரைராசு, யோசிக்காமலே.

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிவிட்டு நோட்டைத் திறந்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். அவர் எழுதிவிட்டால் முடிந்தது. எழுதினதைப் படிக்கக்கூட அவளுக்குத் தெரியாது. பதின்மூன்று வருஷம் பெற்று வளர்த்துக் குடித்தனம் நடத்தின இடம் அந்தப் பேனா முனையில் நின்றது.

"அவங்களக் கேளுங்க," என்றாள், புருஷனைக் காட்டி.

இராஜாங்கம் வாசல் நிலையில் நின்றுகொண்டிருந்தான், கையில் பாதி திரித்த வைக்கோல் பிரியோடு. இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள், இது என்ன என்று மரியாதையாகவே கேட்டார்.

"சொல்லுடா," என்றார் துரைராசு. "அன்னைக்கு மரத்தடியில பேசினோம்ல. அதச் சொல்லு."

இராஜாங்கத்தின் கண் பிரியின் மேலேயே இருந்தது. அம்சவல்லி அவனைப் பேசச் சொல்லவில்லை. ஈரச் சாக்கை எடுத்து மூலையில் எறிந்தாள். திண்டை முந்தானையால் துடைத்தாள். அவனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"உக்காருங்க."

கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. ஏஜெண்டு வந்தால் அந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறவன் எழுந்திருப்பான். காய்ச்சலில் கிடக்கிறவனும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான். அவர் எதிரில் ஒருவன் போய் உட்காருவது என்பதை அங்கே எவனும் கண்டதில்லை. இராஜாங்கம் அவள் முகத்தைப் பார்த்தான், திண்டைப் பார்த்தான், கடைசியில் துரைராசுவைப் பார்த்தான்.

"யோசிச்சுக்க இராஜாங்கம்," என்றார் அவர், மெதுவாக. "நாளைக்கும் களத்துல வேலை இருக்கு."

இராஜாங்கம் பிரியைக் கீழே போட்டான். காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான். மேடை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தைத் திண்டில் வைத்தான். வலது கால் அந்த மாடத்துக்குள் வழுக்கிக்கொண்டு போய், குதிகால் உள்சுவரைத் தொடுவதற்கு ஒரு விரல்கடை இருக்கையில் நின்றது. இடது கால் தானாக மடங்கித் தரையைத் தொட்டது. மேடை அவன் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே, வட்டில் வைக்கிற உயரத்தில் நின்றது. இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவன் உட்கார்ந்தான்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மண்டி போட்டு மாடத்துக்குள் பார்த்தார். காலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார்.

"எந்திரிடா," என்றார் துரைராசு.

"எந்திரிக்க முடியாதுங்க," என்றான் இராஜாங்கம். "கால் உள்ள மாட்டியிருக்கு."

வாசலில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்புதான் எதையோ தளர்த்தியது. ராமாயி தலையை நிமிர்த்தாமலே, தரையைப் பார்த்தபடியே, சாமான் எல்லாம் என் வீட்டில்தான் இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். காத்தான், இவர்கள் பிள்ளைகள் இரண்டும் இந்த வீட்டில்தான் பிறந்தது, என் பெண்சாதிதான் பிரசவம் பார்த்தாள் என்றான். அதற்கப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்த வேண்டியதாயிற்று.

"மரக்கால் வைக்கற மாடம்னீங்களே," என்று துரைராசுவைக் கேட்டார். "உங்க மரக்காலுக்கு முழங்கால் மடங்காதா?"

துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகிற போக்கில், அறுப்புக்கு வருவீர்கள் அல்லவா, அப்போது பார்த்துக்கொள்கிறேன் என்று பொதுவாகத் தெருவுக்கே சொல்லிவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டர் எழுதினார். எழுதி முடித்ததும் படித்துக் காட்டுங்கள் என்றாள் அம்சவல்லி. கூரை வீடு ஒன்று, குடியிருப்பு, நடுவில் சமையல் மேடை, உட்கார்ந்து உண்ணும் திண்டுடன் என்று படித்தார். கட்டினது யார் என்று அதில் இல்லையே என்றாள். அதற்குப் படிவத்தில் இடம் இல்லை, மனு உன் புருஷன் பெயரில் இருக்கிறது, அதுவே போதும் அம்மா என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவளா விடுவாள்? இன்னொரு நாள் அந்த ஆள் வந்து, நாங்கள் போட்ட மேடை என்று சொன்னால் நீங்களா இங்கே நிற்பீர்கள் என்று கேட்டாள். போய்ச் சைக்கிளுக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவர் பெருமூச்சு விட்டு, நோட்டைச் சீட்டில் வைத்து, ஓரத்தில் ஒரு வரி எழுதினார். கட்டியவர் அம்சவல்லி.

உள்ளே வந்தால் இராஜாங்கம் இன்னும் உட்கார்ந்தே இருந்தான். திண்டின் மூலையில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. எழுந்திருங்கள், காரை இன்னும் பச்சை, விட்டுவிடும் என்று அவள் கத்தினாள். கஞ்சி வரட்டும் என்றான். ராமாயி கஞ்சி கொண்டுவந்து மேடைமேல் வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அம்சவல்லி அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டு எதிரில் நின்றாள்.

மறுநாளிலிருந்து இராஜாங்கத்துக்குக் களத்தில் வேலை இல்லை. அறுப்புக்கு அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிடவில்லை. அவள் மாயவரத்துக்கே தினம் போனாள். அவன் வீட்டில் உட்கார்ந்து பிரி திரித்தும், கீற்று முடைந்தும் கொடுத்தான். கஷ்டம்தான். ஆனால் கூரையைப் பிரிக்க யாரும் வரவில்லை.

ஆனி மாதம் பட்டா வந்தது. படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கேட்டால், இராஜாங்கம் பெயரும் மனையின் நாலு எல்லையும்தான் இருந்தது. மேடையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அவள் அன்றைக்குக் கலவை சுமக்கப் போகவில்லை. நேரே தாலுகா ஆபீஸுக்குப் போய், யூசுப் சார் வருகிற வரைக்கும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பட்டாவில் அதெல்லாம் வராது, நான் எழுதினது காகிதக் கட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது, போய் வா என்றார் அவர்.

"காட்டுங்க," என்றாள்.

அவர் எழுந்து, பீரோவைத் திறந்து, தூசி தட்டி அந்தக் கட்டை எடுத்தார். ஓரத்தில் இருந்த வரியை விரல் வைத்துப் படித்துக் காட்டினார். அவள் கேட்டுக்கொண்டாள். அப்புறம் கதவோரம் நின்ற பியூனைக் கூப்பிட்டு, நீங்களும் ஒரு தடவை படியுங்கள் என்றாள். அவரும் அதையேதான் படித்தார். அதற்குப் பிறகுதான் அவள் பஸ்ஸுக்குப் போனாள்.